வெற்றிலைப் பெட்டியில் வலி மாத்திரை

போன இதழில் ரத்தசோகை பற்றியும் இரும்புச் சத்து மாத்திரை பற்றியும் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஒரு சகோதரி, "இரும்பு மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறதே, பயப்பட வேண்டுமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போவது வழக்கம்தான். அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் ரோடு போடும் தார் மாதிரி பளபளவென்று, பிசுபிசுவென்று, வழக்கமில்லாத நாற்றத்தோடு போனால் அது வேறு விஷயம். வயிற்றிலோ குடலின் மேல்பகுதியிலோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் போனதால் எங்கள் வீட்டில் ஓர் உயிர் போகப் பார்த்தது. அதைத்தான் இந்தத் தடவை எழுதப் போகிறேன். எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் தப்பில் பாதி என்னுடையது.

என் மாமியாருக்கு வயது 71. பல வருஷமாக முட்டி வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் நடக்க முடியாது. ஆனால் வாயைத் திறந்து வலி என்று சொல்ல மாட்டார். காலையில் எனக்கு முன்னால் எழுந்து காய் நறுக்கி வைத்திருப்பார். பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு மாத்திரை பேர் சொன்னார்கள். கடையில் சீட்டில்லாமலே கொடுத்தார்கள். ஒன்று போட்டதும் வலி பறந்து போயிற்று. வாங்கி வந்தது என் மகன், காசு கொடுத்தது நான். "எப்பவாவது ஒண்ணு போட்டுக்கங்க அத்தை" என்று சொன்னதும் நான்தான்.

நான்கைந்து மாதம் கழித்து அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனையில் ரத்தம் கம்மி என்று வந்தது. நான் கெட்டிக்காரி மாதிரி முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமும் இரும்பு மாத்திரையுமாகக் கொடுத்தேன். ஒழுகுகிற குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதை! குடம் ஏன் ஒழுகுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. "கறுப்பா போகுதும்மா" என்று ஒரு நாள் சொன்னார். "இரும்பு மாத்திரைதான் அத்தை, அப்படித்தான் போகும்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் விடிகாலை குழாயடியில் தொம்மென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் அத்தை சரிந்து கிடக்கிறார். உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்திருந்தது. உதடு வெள்ளைத் தாளாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 6 என்றார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. போதாததற்குச் சிறுநீரகமும் சோர்ந்திருக்கிறது என்றார்கள்.

"வலி மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "எப்பவாவது ஒண்ணு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அன்று மாலை மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தேன். மூக்குக் கண்ணாடியையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார். அதைத் தேடும்போது வெற்றிலைப் பெட்டியைத் திறந்தேன். கொட்டைப்பாக்குக்கு அடியில், சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் மாத்திரைப் பட்டைகள்! காலியானவை நாலு, பாதியானது ஒன்று. என் மகனை மட்டுமல்ல, பால்காரரையும் பூக்காரம்மாவையும்கூட அனுப்பி வாங்கியிருக்கிறார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று எட்டு மாதம்.

"ஏன் அத்தை எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ அடுப்படிக்கே வரக்கூடாதும்பே. உக்காந்து திங்கிறதுக்கா நான் இருக்கேன்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

சுவரோரம் சொல்லும் சேதி

முட்டி வலிக்குச் சாப்பிட்ட மாத்திரை வயிற்றை ஏன் புண்ணாக்க வேண்டும்? சிறுநீரகத்தை ஏன் தொட வேண்டும்? டாக்டரம்மாவிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். பிறகு நானும் தேடிப் பிடித்துப் படித்தேன். எனக்குப் புரிந்த மட்டில் உங்களுக்கும் சொல்கிறேன்.

கொழுப்பு என்றாலே நமக்கு இடுப்புச் சதையும் மாரடைப்பும்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு உயிரணுவுக்கும் மேல்சட்டை கொழுப்பால் ஆனதுதான். அந்தச் சட்டைக்குள் அராகிடானிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அடி பட்டாலோ, கிருமி புகுந்தாலோ, தேய்ந்த மூட்டு உராய்ந்தாலோ, அந்த இடத்து உயிரணு இந்தக் கொழுப்பைக் கொஞ்சம் கிழித்து எடுத்து ஒரு சேதியாக மாற்றி அக்கம்பக்கத்துக்கு அனுப்புகிறது. அந்தச் சேதிகளில் முக்கியமான ஒன்றுக்கு ப்ராஸ்டகிளாண்டின் என்று பெயர்.

ஹார்மோன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தபாலாபீஸ் வழியாகப் போகும் கடிதம் மாதிரி. ஒரு சுரப்பியில் எழுதி ரத்தத்தில் போட்டால், உடம்பு முழுக்கப் போய்ச் சேரும். ப்ராஸ்டகிளாண்டின் அப்படியில்லை. கொல்லைச் சுவரை எட்டிப் பார்த்து, "இந்தா, உங்க வீட்டுக் கொடித்துணி நனையுது" என்று அடுத்த வீட்டுக்குச் சொல்வோமே, அந்த மாதிரி. சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் சொல்லும், சீக்கிரமே அழிந்துவிடும். ரத்தத்தில் கலந்தாலும் நுரையீரலை ஒரு முறை கடப்பதற்குள் பெரும்பகுதி காணாமல் போய்விடும். தேவைப்படும்போது புதிதாகச் செய்துகொள்வதுதான், சேர்த்து வைப்பதில்லை.

இந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. 1930களில் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி உல்ஃப் ஃபான் ஆய்லர் இதை ஆண்களின் விந்துத் திரவத்தில் கண்டார். ப்ராஸ்டேட் என்ற சுரப்பியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து 1935இல் அதன் பெயரையே வைத்துவிட்டார். பிறகு பார்த்தால் உடம்பில் இதைச் செய்யாத இடமே அபூர்வம்! பெண்களின் கர்ப்பப்பை உட்பட. பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

ஒரே பொருள், ஆனால் இடத்துக்கு ஒரு வேலை. அதுதான் இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம். முட்டியில் இருக்கும்போது, "இங்கே வீங்கு, வலியைக் காட்டு" என்கிறது. மூளையில், "சூட்டை ஏற்று" என்கிறது. அதுதான் காய்ச்சல். இரைப்பையிலோ அதுவே காவல்காரன். சோற்றைக் கரைக்கும் அமிலம் இரைப்பையின் சுவரையே கரைத்துவிடாமல் இருக்க, உள்ளே வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சைச் சுரக்க வைப்பதும், அமிலத்தை அளவோடு நிறுத்துவதும், சுவருக்கு ரத்தம் பாய வைப்பதும் இதே ப்ராஸ்டகிளாண்டின்தான். சிறுநீரகத்தில், உடம்பில் தண்ணீர் குறைந்த நேரங்களில் ரத்தக்குழாயை விரித்துப் பிடித்து ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான்.

இப்போது விடுகதைக்கு விடை வந்துவிட்டது பாருங்கள்! வலி மாத்திரை முட்டிக்கு மட்டும் போவதில்லை. விழுங்கினால் ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. போகிற இடத்திலெல்லாம் ப்ராஸ்டகிளாண்டின் செய்யும் பட்டறையை மூடுகிறது. முட்டியில் மூடினால் வலி போகிறது. இரைப்பையில் மூடினால் காவல் போகிறது. வலியைச் சொன்ன வாயும் காவல் காத்த கையும் ஒன்றேதான். ஒன்றை மட்டும் கட்டிப் போட முடியாது.

சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நம்பியிருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சலும் குமட்டலும் குறையலாம். ஆனால் கெடுதல் ரத்தம் வழியாகவும் வருகிறதே! மாதக்கணக்கில் தினமும் விழுங்கினால் இட்லியும் சோறும் அதைத் தடுக்காது. ஊசியாகப் போட்டாலும் அந்த அபாயம் உண்டு.

ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது?

ஆஸ்பிரினை ஜெர்மனியில் 1897இல் சுத்தமாகத் தயாரித்து, 1899இல் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். உலகமே விழுங்கிற்று. ஆனால் அது எப்படி வலியைப் போக்குகிறது என்பது 70 வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது! 1971இல்தான் லண்டனில் ஜான் வேன் என்பவர், ஆஸ்பிரின் ப்ராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்தார். ஸ்வீடனைச் சேர்ந்த ஸூனே பெர்க்ஸ்ட்ரோம், பெங்க்ட் ஸாமுவேல்ஸன் ஆகியோருடன் அவருக்கும் 1982இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ரத்தம் உறைவதிலும் இந்தக் கொழுப்புச் சேதிகளுக்குப் பங்கு உண்டு. ரத்தத் தட்டணுக்கள் த்ராம்பாக்ஸேன் என்ற ஒன்றை அனுப்பி, "எல்லாரும் வாங்க, ஒட்டிக்கலாம்" என்று கூப்பிடும. ரத்தக்குழாயின் உள்சுவர் ப்ராஸ்டசைக்ளின் என்ற இன்னொன்றை அனுப்பி, "வேண்டாம், கலைஞ்சு போங்க" என்று சொல்லும். இரண்டும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நிற்க வேண்டும். மாரடைப்பு வந்தவர்களுக்குத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுப்பது தட்டணுக்களின் கூப்பாட்டை அடக்கத்தான். தட்டணுவால் அடைபட்ட பட்டறையைப் புதிதாகக் கட்டிக்கொள்ள முடியாது. அதனால் அது உயிரோடிருக்கும் எட்டுப் பத்து நாளும் வாயடைத்துத்தான் இருக்கும்.

என் மாமியாருக்கு இதயத்துக்காக இந்த ஆஸ்பிரின் ஏற்கனவே இருந்தது. ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரையும் இருந்தது. அதன் தலையில் முட்டி வலி மாத்திரை வேறு. ஒரு பக்கம் வயிற்றில் காவல் இல்லை, மறுபக்கம் ரத்தம் உறையவில்லை. சிறுநீரகத்துக்கோ நீரும் குறைவு, ரத்தமும் குறைவு. டாக்டரம்மா இதை விளக்கியபோது எனக்கு அடிவயிறு கலங்கிற்று.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் இதயத்துக்கு எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்! அது உயிர் காப்பது. நிறுத்துவதும் தொடர்வதும் டாக்டர் சொல்ல வேண்டியது.

வயிற்றைத் தொடாமல் வலியை மட்டும் போக்க மருந்து செய்ய முடியாதா? செய்து பார்த்தார்கள். பட்டறை இரண்டு வகை, வயிற்றைக் காப்பது பெரும்பாலும் ஒன்று, வீக்கத்தில் வேலை செய்வது பெரும்பாலும் மற்றொன்று என்று 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. இரண்டாவதை மட்டும் மூடும் மாத்திரைகள் வந்தன. வயிற்றுக்குச் சற்றுப் பரவாயில்லைதான். ஆனால் ரத்தக்குழாய் அனுப்பும் 'கலைஞ்சு போங்க' சேதியும் குறைந்தது, தட்டணுக்களின் 'ஒட்டிக்கலாம்' மட்டும் நின்றது. 1999இல் விற்பனைக்கு வந்த ரோஃபகாக்ஸிப் என்ற மருந்து, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்து 2004இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. தராசில் ஒரு தட்டை மட்டும் தொட்டால் மற்றது ஏறத்தானே செய்யும்?

மகளுக்கு நான் செய்த தப்பு

அத்தை பிழைத்து வீட்டுக்கு வந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டிலிருந்த வலி மாத்திரை அத்தனையையும் குப்பையில் போட்டேன். இனிமேல் இந்த வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று சட்டம் போட்டேன். அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது என் மகள்.

அவளுக்கு 16 வயது. மாதவிலக்கு என்றால் முதல் நாள் சுருண்டு படுத்துவிடுவாள். வாந்தி எடுப்பாள், சில சமயம் வயிறும் போகும். மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் போக முடியாது. முன்பெல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒன்றிரண்டு போடுவாள், எழுந்துவிடுவாள். இந்தத் தடவை கேட்டபோது, "அப்பத்தாவுக்கு ஆனதைப் பார்த்தியில்ல? பொறுத்துக்கோ" என்றேன். அவளுக்கு அன்று பரீட்சை. எழுதப் போனவள் பாதியில் மயக்கம் வந்து திரும்பினாள்.

அத்தையின் மறுபரிசோதனைக்குப் போனபோது இதைச் சொன்னேன், பெருமையாகவே சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, அவ வலி பொய்யின்னு நினைச்சீங்களா? உங்க அத்தை முட்டியில என்ன வேலை நடந்துதோ, அதே வேலைதான் இவ கர்ப்பப்பையில நடக்குது" என்றார்.

மாதவிலக்கின்போது கர்ப்பப்பையின் உள்சவ்வு கழன்று வருகிறது அல்லவா? அந்தச் சவ்விலிருந்து ப்ராஸ்டகிளாண்டின் வெளிவந்து, "சுருங்கு, வெளியே தள்ளு" என்று தசைக்குச் சொல்கிறது. சில பெண்களுக்கு இது அளவுக்கு மீறிச் சுரக்கிறது. கர்ப்பப்பை துணி பிழிகிற மாதிரி இறுகுவதில், அந்தத் தசைக்கே சற்று நேரம் ரத்தம் போகாமல் வலிக்கிறது. அதே சேதி குடலுக்கும் கசிந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும். எத்தனை தலைமுறையாக நம் பெண்களிடம், "எல்லாம் மனசுதான் காரணம், கல்யாணமானா சரியாயிடும்" என்று சொல்லியிருக்கிறோம்! வலி மனதில் இல்லை சகோதரிகளே. அளந்து பார்க்கக்கூடிய ஒரு பொருளால் வருகிறது.

"உங்க அத்தைக்கு 71 வயசு, இதய மாத்திரை வேற, எட்டு மாசம் தினமும் ரெண்டு. இவளுக்கு வயித்துல புண்ணில்லை, ஆஸ்துமா இல்லை, சிறுநீரகம் நல்லாருக்கு. மாசத்துல ரெண்டு நாள், சொன்ன அளவு, சாப்பிட்டுட்டுப் போட்டுக்கிட்டா இவளுக்கு அது மருந்து. அவங்களுக்கு அதே விஷம். மாத்திரை மேல என்னம்மா தப்பு?" என்றார் டாக்டரம்மா.

வலி உச்சிக்குப் போன பிறகு போடுவதைவிட, ஆரம்பிக்கும்போதே போட்டால் பட்டறை மூடிவிடும், வலி ஏறாது என்றும் சொன்னார். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் நல்ல நிவாரணம். ஆனால் மாத்திரைக்கும் அடங்காத வலி, மாதாமாதம் கூடிக்கொண்டே போகும் வலி, விலக்கு இல்லாத நாளிலும் வரும் வலி என்றால், வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்து மகளிடம், "என் மேல கோபமாடா?" என்றேன். "எனக்கு வலிச்சப்போ நீ அப்பத்தாவைத்தாம்மா பார்த்தே, என்னைப் பார்க்கலை" என்றாள். உண்மைதான்.

இதே சேதி, இன்னும் சில வேலைகள்

சேதியை நிறுத்துவது மட்டுமல்ல, வேண்டிய இடத்தில் அதையே கொடுப்பதும் வைத்தியம்தான். நாள் கடந்தும் பிரசவ வலி வராவிட்டால் கர்ப்பப்பை வாயில் ஒரு ஜெல் வைக்கிறார்களே, அது ப்ராஸ்டகிளாண்டின்தான். குழந்தை பிறந்த பின் உதிரப்போக்கு நிற்காமல் தாயின் உயிருக்கு ஆபத்து வரும்போது, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கப் போடும் ஊசிகளில் ஒன்றும் இந்த வகைதான். கண்ணில் நீரழுத்த நோய்க்கு ராத்திரி ஒரு சொட்டு விடும் மருந்துகளில் ஒன்றான லாட்டனோப்ராஸ்டும் இந்தக் குடும்பம்தான். இதயக் கோளாறோடு நீலம் பாரித்துப் பிறக்கும் சில குழந்தைகளுக்கு, அறுவை சிகிச்சை வரை ஒரு ரத்தக்குழாய் மூடிவிடாமல் காப்பதும் இதுவே.

கர்ப்பிணிகளுக்கு இதனால்தான் எச்சரிக்கை. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு அந்த ரத்தக்குழாய் திறந்திருக்க வேண்டும். தாய் வலி மாத்திரை விழுங்கினால் அது முன்கூட்டியே மூடக்கூடும். சிசுவின் சிறுநீரகம் சோர்ந்து பனிக்குட நீரும் குறையலாம். இருபது வாரத்துக்கு மேல் டாக்டர் சொல்லாமல் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரியான மாத்திரைகளைத் தொடவே கூடாது.

இன்னொரு கேள்வியும் வரும். சேதி கொழுப்பிலிருந்து வருகிறது என்றால், எண்ணெயே சேர்க்காமல் இருந்தால் வலி வராதா? அப்படியில்லை. 1929இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். தோலும் வாலும் செதில் செதிலாக உரிந்தன. வளர்ச்சி குன்றிற்று, சிறுநீரகம் கெட்டது, குட்டி போடுவதும் பாதித்தது. உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத சில கொழுப்புகள் உணவில் வந்தே தீர வேண்டும் என்பது அப்படித்தான் தெரிந்தது. நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம் இருக்கும் லினோலிக் அமிலம் அதில் ஒன்று. மத்தி, காணாங்கெளுத்தி மாதிரி மீன்களிலும் ஆளி விதையிலும் இருப்பது ஒமேகா 3 என்ற இன்னொரு வகை. மீன் எண்ணெயிலிருந்து உடம்பு செய்யும் சில சேதிகள், "வீக்கம் போதும், முடித்துக்கொள்" என்று சொல்பவை என 2000ஆம் ஆண்டுக்குப் பின் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்காக மீன் சாப்பிட்டால் முட்டி சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உணவு உணவுதான், மருந்து மருந்துதான். எண்ணெயை அளந்து ஊற்றுங்கள், அடியோடு ஒதுக்காதீர்கள்.

மாத்திரை வாங்குமுன்

* வீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள், முன்பு வயிற்றுப் புண் இருந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடக்கூடாது. ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ, ஸ்டீராய்டோ சாப்பிடுகிறவர்களுக்கு அபாயம் இன்னும் கூடுதல்.

* பெயர் வேறாக இருந்தாலும் சரக்கு ஒன்றாக இருக்கலாம். பல் வலிக்கு ஒன்று, இடுப்பு வலிக்கு ஒன்று என்று இரண்டு மாத்திரை போடுவோம். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் அபாயம் கூடும். பட்டையின் பின்புறம் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

* காய்ச்சலுக்கு வலி மாத்திரை வேண்டாம். டெங்குவாக இருந்தால் தட்டணு ஏற்கனவே குறைந்திருக்கும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டால் ரத்தக்கசிவு கூடும். பாரசிட்டமால் போதும். அதுவும் சொன்ன அளவுக்கு மேல் போனால் ஈரலுக்குக் கெடுதல்.

* குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் நீங்களாகக் கொடுக்கவே கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ஒரு கொடிய நோய் அபூர்வமாக வரலாம்.

* ஆஸ்துமா உள்ள சிலருக்கு இந்த மாத்திரைகளால் மூச்சுத் திணறல் வரும். ஒருமுறை வந்திருந்தால் அதை எழுதி வைத்து எல்லா டாக்டரிடமும் சொல்லுங்கள்.

* தார் மாதிரி மலம், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், சிறுநீர் குறைவது, கால் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் தாமதம் கூடாது.

என் மாமியார் இப்போது நன்றாக இருக்கிறார். வயிற்றுப் புண் ஆறிவிட்டது. சிறுநீரகமும் பெரும்பாலும் தேறிவிட்டது. முட்டி வலி போகவில்லை, போகவும் போகாது. ஆனால் தரையில் உட்காருவதை விட்டுவிட்டார். கட்டிலில் காலை நீட்டி, முட்டியை அழுத்தித் தொடையை இறுக்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்கிறார். ரொம்ப வலித்தால் முட்டியின் மேல் தடவ ஒரு களிம்பு, டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. அதே மருந்துதான், ஆனால் தோலில் தடவும்போது ரத்தத்தில் கலப்பது கொஞ்சமே.

அடுப்படியில் உயரமாக ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறார். முதலிலேயே அந்த ஸ்டூலைப் போட்டிருந்தால் அவர் மாத்திரையை மறைத்திருக்க மாட்டாரோ என்று எனக்கு இன்னும் மனசுக்குள் அடித்துக்கொள்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு வெற்றிலைப் பெட்டியோ, தலையணை உறையோ, பூஜை அலமாரியின் மூலையோ இருக்கும். இன்றைக்கு ஒரு தரம் திறந்து பாருங்கள். பட்டை கிடைத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். "எங்கே வலிக்குது?" என்று முதலில் கேளுங்கள். அந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு அவர்களையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

அடுத்த இதழில், முட்டிக்கான பயிற்சிகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். அத்தைதான் செய்து காட்டப் போகிறார்!